விட்டுப் போகும் உரிமை யாருக்கு?

2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது, சுற்று வட்டாரத்தில் பிளஸ் டூவோ டிப்ளமாவோ முடித்த பிள்ளைகள் இருந்த வீடுகளில் ஒரே அறிவுரைதான் புழங்கியது: கிடைத்தால் விட்டுவிடாதே. அதை மறுக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. உலகின் மிகப் பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்று அது. கம்பெனி பஸ், கேன்டீன், சீருடை, பி.எஃப். என்று எல்லாம் இருந்தன. உச்சத்தில் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் நேரடியாக வேலை செய்தார்கள். அவர்களில் ஏராளமானோர் இளம்பெண்கள், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள். 2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைபேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால் இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாஃப்டுக்குச் செய்துகொடுத்த ஒப்பந்த வேலையும் முடிந்துபோக, 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தனர். ஓய்வு பெற்றவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தார்கள்.

பிள்ளைகளிடம் அப்படிச் சொன்ன பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிவுரை பாதியில் நின்றுவிட்டது. நீ வேலையை விடாதே என்று சொன்னவர்கள், வேலை உன்னை விட்டால் என்ன செய்வாய் என்று கேட்கவில்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவை நூற்றைம்பது ஆண்டு அளவில் பின்னோக்கிப் பார்த்தால், கூலி எவ்வளவு என்பதைவிட ஆழமான கேள்வி ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருப்பது தெரியும். இந்த உறவை முறித்துக்கொண்டு போகும் உரிமை யாருக்கு இருக்கிறது, அதற்கு யார் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதே அது. ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன வேலை அறிவுரை, அந்தந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்கு இருந்த பதிலைத்தான் பின்பற்றியிருக்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் பதில் கொடூரமாகவும் தெளிவாகவும் இருந்தது. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது சட்டம், முன்பணம் வாங்கிய கைத்தொழிலாளியோ கூலியாளோ ஒப்பந்தத்தை முடிக்காமல் விலகினால் அவரை நீதிபதி முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. மூன்று மாதம் வரை தண்டனை. முதலாளி வேலையிலிருந்து நீக்கினால் அவருக்கு அப்படி எந்தத் தண்டனையும் கிடையாது. இந்தச் சட்டம் சென்னை உள்ளிட்ட மாகாணத் தலைநகரங்களுக்காக எழுதப்பட்டது, பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. 1925இல்தான் இதை நீக்கச் சட்டம் வந்தது. வேலையை விடுவது குற்றமாக இருந்த நாட்டில் வேலை அறிவுரை என்று எதைச் சொல்லியிருக்க முடியும்? முன்பணம் வாங்காதே என்று சொல்லலாம். பசித்தவன் அதைக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை.

1918 ஏப்ரல் 27இல் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோர் அதற்கு அடித்தளம் இட்டவர்கள். சாப்பாட்டுக்குப் போய்வர இடைவேளை போதவில்லை என்பது அவர்கள் எழுப்பிய முதல் குறைகளில் ஒன்று. அவ்வளவு எளிய கோரிக்கையிலிருந்து எழுந்த சங்கத்தின் தலைவர்கள் மீது, ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. வாடியாவுக்கு எதிராகத் தடையாணையும் வந்தது. சங்கம் அமைப்பதே சட்ட விரோதமாகிவிடும் என்ற அச்சம் அதனால் நாடு முழுவதும் எழுந்தது. தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி தொடர்ந்து முயன்று, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. சென்னையில் ஓர் ஆலைக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கும் நடந்த மோதல்தான் இந்தியத் தொழிலாளர் அனைவருக்குமான அந்தச் சட்டத்துக்கு வழிதிறந்தது. நம் பாடப்புத்தகங்களில் இதற்கு இன்னும் கூடுதலான இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1947இல் தொழில் தகராறு சட்டம், 1952இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 1953இல் ஆட்குறைப்புக்கு இழப்பீடு, 1972இல் பணிக்கொடைச் சட்டம் என்று வரிசையாக வந்தன. ஆட்குறைப்பு செய்தால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். 1976இல் முந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகள் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்று விதி வந்தது. அந்த வரம்பு 1980களில் நூறாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளி எப்போது வேண்டுமானாலும் போகலாம், முதலாளி போவதென்றால் விலை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டத்தின் நிலையாயிற்று.

கால் காசு உத்தியோகமானாலும் கவர்மென்ட் உத்தியோகம் என்ற பேச்சும், ஐ.டி.ஐ. முடித்து பெல்லில் சேர்ந்துவிடு, ஐ.சி.எஃப்.பில் அப்ரண்டிஸ் கிடைத்தால் போதும் என்ற அறிவுரைகளும் இந்த மண்ணில்தான் வேர் பிடித்தன. திருச்சியிலும் நெய்வேலியிலும் ஆலையோடு சேர்ந்து குடியிருப்பும் பள்ளியும் மருத்துவமனையும் எழுந்தன. வேலை என்பது ஒரு முழு வாழ்க்கையாகவே இருந்தது. அந்தத் தலைமுறையைச் சோம்பேறிகள், பாதுகாப்புக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் என்று இப்போது பேசுவோரைப் பார்க்கிறேன். அவர்கள் தேடிய பாதுகாப்பு தானாக விளைந்து நின்றதில்லை. அதற்கு முந்தைய தலைமுறை வேலைநிறுத்தம் செய்து, அடிபட்டு, வழக்காடி எழுதவைத்தது. தவிர, இந்த வளையத்துக்குள் வந்தவர்கள் எப்போதும் சிறுபான்மை. நிலத்திலும் கட்டட வேலையிலும் பீடி சுற்றுவதிலும் இருந்த கோடிக்கணக்கானோருக்கு இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை எட்டவே இல்லை.

தமிழ்நாடு 1981இல் இயற்றிய ஒரு சட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அது. தொழிற்பேட்டைகளில் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பு இந்த எண்ணோடு பிணைந்தது. அதைச் சுற்றிப் போகும் வழிகளும் கூடவே வளர்ந்தன. நாள் கணக்கு நெருங்கும்போது பிரேக் கொடுப்பது, கொஞ்ச நாள் வீட்டில் உட்காரவைத்து வேறு ஒப்பந்தக்காரர் பெயரில் மறுபடி எடுப்பது, டிரெய்னி, அப்ரண்டிஸ், நீம் டிரெய்னி என்று பெயரை மாற்றி மாற்றி அதே இயந்திரத்தின் முன் நிறுத்துவது என எல்லாம் நடந்தன. 2001இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத் தொழிலாளர் முறை ஓரிடத்தில் தடைசெய்யப்பட்டாலும் அங்கே வேலை செய்தவர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று தீர்ப்பளித்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய ஆலைத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். இப்போது அது ஐந்தில் இருவர். ஒரே வரிசையில், ஒரே வேலையை, இருவேறு சம்பளத்துக்குச் செய்யும் இருவரைப் பார்க்க ஒரகடம் வரை போனால் போதும்.

பெண்களின் கதை இதில் தனி. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பெருமைப்பட வேண்டிய செய்தி இது. அதே மாநிலத்தில்தான் கோவை, திருப்பூர், திண்டுக்கல், ஈரோடு வட்டார நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற முறை ஆண்டுக்கணக்கில் நடந்தது. தென்மாவட்டக் கிராமங்களுக்கு ஏஜென்ட் வருவார். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்பார். நடுவில் உடம்புக்கு முடியாமலோ கொடுமை தாங்காமலோ திரும்பினால் அந்த மொத்தத் தொகை கையை விட்டுப் போகும். அது இனாமாக வருவது இல்லை, மாதாமாதம் அவள் சம்பளத்திலிருந்து பிடித்து வைத்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் சிறையைக் காட்டி நிறுத்தியது. இது பெண்ணின் சொந்தப் பணத்தைப் பிணை வைத்து நிறுத்தியது. பெற்றோர் அந்த ஏஜென்ட் சொன்னதை வேலை அறிவுரையாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். வேறு யாரும் அவர்கள் வாசலுக்கு வந்து எதுவும் சொல்லவில்லை.

பொறியியல் படிப்பின் காலம் இதற்கிடையே வந்தது. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி, 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு, 2007இல் நுழைவுத்தேர்வு ஒழிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து, கல்லூரியையே பார்த்திராத வீடுகளிலிருந்து பொறியாளர்களை உருவாக்கின. அதன் நன்மையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் போன அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தில் சிமென்ட் வீடுகள் எழுந்தன, தங்கைகள் படித்தார்கள். ஆனால் அங்கே நுழையும் போதே, சங்கம் என்பது ஆலைத் தொழிலாளிக்கு உரியது, நீ புரொஃபஷனல் என்று சொல்லித் தரப்பட்டது. அதை அவர்கள் நம்பினார்கள், நாமும் நம்பினோம்.

2014 இறுதியில் ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ். ஆட்களை வெளியேற்றத் தொடங்கியபோது அந்த நம்பிக்கை முதன்முறையாகப் பெரிய அளவில் ஆட்டம் கண்டது. கர்ப்பிணியான ஓர் ஊழியர் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். 2015 ஜனவரியில் இடைக்காலத் தடை கிடைத்தது, நிறுவனம் அவரது பணிநீக்கத்தைத் திரும்பப் பெற்றது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், அவர்களும் சங்கம் அமைக்கலாம் என்பதை 2016இல் தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. 2025 ஜூலையில் அதே டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறக்குறைய இரண்டு சதவீதத்தினரை, அதாவது பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்களே இதில் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. நாற்பது வயதில் வீட்டுக் கடன் தவணையோடு நிற்பவர்கள் அவர்கள். அடியில் இருப்பவர்கள் நிலையும் நன்றாக இல்லை. 2010 வாக்கில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்தைச் சுற்றிச் சம்பளம். பெரிய சேவை நிறுவனங்களில் இன்றும் அது மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது. இந்த இடைவெளியில் வேளச்சேரியில் வீட்டு வாடகை எங்கே போய் நிற்கிறது என்பதை அங்கே இருப்பவர்கள் அறிவார்கள்.

வேலையை முறிக்கும் உரிமைக்கான விலை இந்தத் துறையில் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். ஊழியர் விலகினால் தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட். அதைப் பாதியில் விட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அது இல்லாமல் அடுத்த கம்பெனி எடுக்காது. புதிதாகச் சேர்பவர் ஒன்று இரண்டு ஆண்டுக்கு பாண்டு எழுதித் தர வேண்டும். சில சிறு நிறுவனங்கள் மார்க் ஷீட்டின் அசலையே வாங்கி வைத்துக்கொள்கின்றன. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவில், ஒருவரின் தொழிலைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு தொழிலைத் தடுப்பதாகாது என்பது அதன் பார்வை. நிறுவனத்தின் பக்கமோ, ஒரு கூட்ட அறைக்கு அழைத்து, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள் என்று சொன்னால் போதும் என்ற நிலை. ராஜினாமா என்று எழுதியபின் அது சட்டப்படி ஆட்குறைப்பாகவே இருப்பதில்லை, இழப்பீட்டுக் கேள்வியும் எழுவதில்லை.

இந்தப் பின்னணியில்தான் இன்றைய அறிவுரைகளை எடைபோட வேண்டும். யூடியூபிலும் லிங்க்ட்இன்னிலும் கல்லூரி மேடைகளிலும் கேட்பவை இரண்டு வகை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கம்பெனி மாறு, அப்போதுதான் நல்ல ஹைக் கிடைக்கும் என்பது ஒன்று. ஓயாமல் புதிதாகக் கற்றுக்கொண்டே இரு, இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவாய் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. உள்ளேயே இருப்பவருக்கு அப்ரைசலில் கிடைப்பதைவிட வெளியே போகிறவருக்கு அதிகம் கிடைப்பது கண்கூடு. ஆனால் மாறும் திறன் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர், வயதான பெற்றோரை விட்டுப் பெங்களூரு போக முடியாதவர், கேட்கப்படும் திறன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும்போது இரவு வேலை முடித்துப் படிக்க நேரம் இல்லாதவர் ஆகியோருக்கு இந்த அறிவுரை ஒரு குற்றச்சாட்டாகவே போய்ச் சேர்கிறது. முன்பு பயிற்சி தருவது நிறுவனத்தின் பொறுப்பாக இருந்தது, செலவும் அதனுடையது. இப்போது கற்கும் செலவு, கற்ற திறன் காலாவதியாகும் ஆபத்து, வேலை போனால் வரும் பழி என மூன்றும் ஊழியர் தலையில் ஏறிவிட்டன. இதை மாற்றலாம் என்று ஒரு காணொளிகூடச் சொல்வதில்லை. இதற்கு ஏற்ப வளைவது எப்படி என்று மட்டுமே சொல்கின்றன.

அரசு வேலையாவது பழையபடி இருக்கிறதா? 2024 குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. அந்தக் கூட்டம் தேடும் பாதுகாப்பு உள்ளேயும் கரைந்து வந்திருக்கிறது. 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அது தொடர்பான வழக்கில்தான் அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012இல் பள்ளிகளில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் பல நாள் அமர்ந்திருந்தார்கள். ஒரு நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அரசே ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுத்துவிட்டுத் தனியார் நிறுவனங்களுக்கு முன்மாதிரி காட்டச் சொன்னால் எப்படி?

உணவும் பொட்டலமும் சுமந்து ஓடும் இளைஞர்களிடம் அந்தத் தராசு முற்றிலும் சாய்ந்து கிடக்கிறது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020-21இல் இந்தியாவில் இத்தகைய தொழிலாளர்கள் 77 லட்சம் பேர். 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள். இவர்களை யாரும் வேலைநீக்கம் செய்வதில்லை, செயலியில் அவர்களின் ஐடி பிளாக் ஆகும், அவ்வளவுதான். முறையிட எதிரே ஆள் இல்லை. தமிழ்நாடு 2023 டிசம்பரில் இவர்களுக்கு நல வாரியம் அமைத்தது நல்ல தொடக்கம். ஆனால் காரணம் சொல்லாமல் பிளாக் செய்வதைத் தடுக்கும் விதி வராமல் வெறும் நல உதவி போதாது.

2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் கணக்கை மறுபடி மாற்றியிருக்கின்றன. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசு அனுமதி கேட்க வேண்டிய வரம்பு நூறிலிருந்து மீண்டும் முந்நூறாகிவிட்டது. குறித்த காலப் பணி என்பது எல்லாத் துறைக்கும் திறந்துவிடப்பட்டது. காலம் முடிந்து போகச் சொன்னால் அது ஆட்குறைப்பு ஆகாது. வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு எல்லா ஆலைக்கும் கட்டாயம். இன்னொரு பக்கம், குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு, நிரந்தரப் பணியாளருக்குச் சமமான ஊதியமும் சலுகையும் தர வேண்டும், பணியமர்த்தும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும், செயலி நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். கொடுத்தது, எடுத்தது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எடுத்ததே பெரிது என்பது என் கணிப்பு. அனுப்புவதை எளிதாக்கிவிட்டு, அனுப்பப்பட்டவருக்கு அடுத்த வேலை வரை தாங்கும் ஏற்பாட்டைப் பதினைந்து நாள் ஊதிய அளவிலான ஒரு மறுதிறன் நிதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆனாலும் இந்த மாற்றங்களைத் தடுக்க முடியாத இயற்கைபோலப் பேசுவோரை நான் ஏற்கவில்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நின்ற பெண்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் வந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் முப்பத்தேழு நாள் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் முதன்மைக் கோரிக்கை சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது 1918இல் தொடங்கிய பெரம்பூர்ப் போராட்டத்திலும் எழுந்த கோரிக்கைதான்.

தமிழ்நாடு அரசு 2022 முதல் நான் முதல்வன் திட்டத்தில் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வேலை வழிகாட்டல் தருகிறது. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தத் திறன் என்பதெல்லாம் அதில் கிடைக்கின்றன. அதோடு ஒரு நியமனக் கடிதத்தை வரி வரியாக வாசிக்கும் பாடமும் சேர வேண்டும். சி.டி.சி. என்று போட்டிருக்கும் தொகையில் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கும், அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் பணிக்கொடையும் அடக்கம் என்பதையும், நிரந்தரப் பணியில் ஐந்தாண்டுக்கு முன் விலகினால் அந்தப் பணிக்கொடை கைக்கு வராது என்பதையும் பிளஸ் டூ மாணவரே புரிந்துகொள்வார். கடிதத்தில் முதலாளி என்று எழுதியிருப்பது ஆலையின் பெயரா, ஒப்பந்தக்காரர் பெயரா? நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒன்றா? பாண்டுத் தொகை எதற்காக? மாதாமாதம் பி.எஃப். பாஸ்புக்கில் பணம் ஏறுகிறதா? அங்கே சங்கம் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன்? சேரும் முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் இவை. சேர்ந்த பின்பு, ஓராண்டில் 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையதே என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே சம்பளச் சீட்டையும் அடையாள அட்டையின் நகலையும் வருகைப் பதிவையும் முதல் மாதத்திலிருந்தே வீட்டில் சேர்த்து வைக்க வேண்டும், கான்ட்ராக்டில் சேரும் பிள்ளைகள் முக்கியமாக.